மூவரை எண்ணும் கணக்கு



தமிழ்நாட்டை விட்டு வந்து வேறு மாநிலங்களில் குடியேறியிருக்கும் நம்மில் பலருக்கும் ஓர் அனுபவம் பொதுவானது. புதிய ஊரில் வந்து இறங்கிய முதல் வாரத்தில் நமக்கு ஒரே ஒருவரைத்தான் தெரிந்திருக்கும். அவர் உறவினராக இருக்கலாம்; உடன் படித்தவராக இருக்கலாம். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம்மை இன்னொரு வீட்டுக்கு அழைத்துச் சென்று, "இவர் நம் ஊர்ப் பக்கத்துக்காரர்தாம்" என்று அறிமுகம் செய்துவைப்பார். அதுவரை இருவர் பழக்கமாக இருந்தது அன்று மூவர் பழக்கமாகிறது. பிறகு அழைத்துச் சென்றவர் மாற்றலாகி வேறு ஊருக்குப் போய்விட்டாலும், அந்த இரண்டாவது வீடு நமக்கு எஞ்சி நிற்கிறது.

இருவர் மட்டும் கொண்ட உறவில் ஒருவர் விலகினால் உறவே இல்லை. மூவர் கொண்ட உறவில் ஒருவர் விலகினாலும் மிச்சம் ஒன்று உண்டு. மேலும், இருவர் பிணங்கினால் மூன்றாமவர் சமாதானம் செய்துவைக்கலாம். அந்தப் பிணக்கைத் தமக்கு ஆதாயமாக்கிக்கொள்ளவும் செய்யலாம். இவையெல்லாம் இருவர் மட்டும் இருக்கும் இடத்தில் நிகழக்கூடியவை அல்ல. ஜெர்மானிய அறிஞர் ஜார்ஜ் சிம்மல் என்பவர் 1908-ஆம் ஆண்டில் வெளியிட்ட சமூகவியல் நூலில் இந்த வேறுபாட்டை விரிவாக ஆராய்ந்தார். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போவது வெறும் ஒன்றைக் கூட்டுவதன்று, உறவின் தன்மையே மாறுகிறது என்பது அவர் கண்ட முடிவு.

அந்த மூன்றை எண்ணிப் பார்க்கும் கணிதத்தைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். மனிதர்களின் பழக்கமானாலும், நரம்புகளின் பின்னலானாலும், நுண்ணுயிரியின் உடலுக்குள் ஒரு மரபணு மற்றொன்றை ஆளும் முறையானாலும், அவற்றை வலையாக வரைந்து, அந்த வலையில் மும்மூன்றாக அமைந்துள்ள வடிவங்கள் எத்தனை என்று கணிப்பொறியின் துணையால் எண்ணுகிறார்கள். எண்ணி அறிவதால் பயன் என்ன, எண்ணும்போது நாம் ஏமாறும் இடம் எது என்ற இரு கேள்விகளும் நமக்கு முக்கியமானவை.

அருகில் ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கற்பனை ஊரில் ஆறு தமிழ்க் குடும்பங்கள் இருப்பதாகக் கொள்வோம். அ, ஆ, இ என்ற மூன்று குடும்பங்கள் ரயில்வே குடியிருப்பில் இருக்கின்றன. ஈ, உ, ஊ என்ற மூன்று குடும்பங்கள் ஊரின் மறுகோடியில், ஆலைக்கு அருகில் இருக்கின்றன. ரயில்வே குடியிருப்பில் உள்ள மூவரும் ஒருவரையொருவர் நன்கு அறிவர். ஆலைப்பக்கத்து மூவரும் அவ்வாறே. இவர்களுள் இ என்பவரும் ஈ என்பவரும் மட்டும் இரு புறத்தையும் இணைக்கும் பழக்கம் உடையவர்கள். குடும்பத்துக்கு ஒரு புள்ளி இடுங்கள். பழக்கத்துக்கு ஒரு கோடு இழுங்கள். புள்ளியைக் கணு என்றும், கோட்டை இழை என்றும் அழைப்போம். நம் தாளில் இப்பொழுது ஆறு கணுக்களும் ஏழு இழைகளும் உள்ளன.

ஆறு பேரிலிருந்து மும்மூன்று பேராக எத்தனை விதத்தில் எடுக்கலாம்? ஆறை ஐந்தாலும் நான்காலும் பெருக்கி, வருவதை ஆறால் வகுத்தால் இருபது. இந்த இருபது மூவர் குழுக்களும் நான்கு வகைக்குள் அடங்கிவிடும். மூவருக்கிடையே இழையே இல்லாதது ஒரு வகை. ஓர் இழை மட்டும் உள்ளது இரண்டாவது. இரண்டு இழைகள் இருந்து மூன்றாவது இல்லாதது மூன்றாவது. மூன்று இழைகளும் நிறைந்து முக்கோணமாக மூடியது நான்காவது. மூன்றாவது வகையைத் திறந்த மும்மை என்றும், நான்காவது வகையை மூடிய மும்மை என்றும் சொல்லலாம்.

நம் வரைபடத்தில் மூடிய மும்மைகள் இரண்டு என்பது கண்ணுக்கே தெரிகிறது. திறந்தவற்றை எண்ணினால் நான்கு வரும்: அ-இ-ஈ, ஆ-இ-ஈ, இ-ஈ-உ, இ-ஈ-ஊ. இனி, ஓர் இழை மட்டும் உள்ளவற்றை ஒவ்வொன்றாகத் தேட வேண்டியதில்லை. ஒரு குறுக்கு வழி உண்டு. ஒவ்வோர் இழையும் எஞ்சிய நான்கு பேரோடு சேர்ந்து நான்கு குழுக்களில் இடம்பெறும். ஏழு இழைகளுக்கும் சேர்த்து 28. இதில் மூடிய இரண்டும் மும்மூன்று முறை எண்ணப்பட்டு ஆறு போயிற்று. திறந்த நான்கும் இவ்விரண்டு முறை எண்ணப்பட்டு எட்டு போயிற்று. மீதி 14. ஆகவே ஓர் இழைக் குழுக்கள் பதினான்கு. இரண்டும் நான்கும் பதினான்கும் சேர்ந்தால் இருபது. எனவே இழையே இல்லாத குழு ஒன்றுமில்லை. பாதியைத் தேடி எண்ணினோம். மீதியைக் கழித்தலால் பெற்றோம். இந்தச் சிறு தந்திரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதுவே நமக்குப் பெரிதும் உதவப்போகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். திறந்த மும்மைகள் நான்கிலும் இ-ஈ என்ற அந்த ஒரே இழை இருக்கிறது. யாருடைய பெயரையும் முகத்தையும் அறியாத ஒருவர், எண்ணிக்கையை மட்டும் பார்த்தே, இந்த ஊரின் பாலம் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டிவிடலாம். அந்த இழை அறுந்தால் ஊர் இரண்டாகிவிடும்.

பழக்கம் என்பது இரு பக்கமும் சமமானது. எல்லா உறவுகளும் அப்படி அல்ல. ஆலோசனை கேட்பவர் ஒருவர், சொல்பவர் மற்றொருவர். கடன் கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் மற்றொருவர். அத்தகைய உறவைக் காட்டக் கோட்டின் முனையில் அம்புக்குறி இட வேண்டும். அப்பொழுது ஒவ்வோர் இணையைப் பற்றியும் இரண்டு கேள்விகள் எழும்: முதல்வரிடமிருந்து இரண்டாமவருக்கு அம்பு உண்டா? இரண்டாமவரிடமிருந்து முதல்வருக்கு உண்டா? மூவரில் மூன்று இணைகள்; ஆகவே ஆறு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் உண்டு, இல்லை என்று இரு விடைகள். ஆக 64 அமைப்புகள். ஆட்களின் பெயரைக் கருதாமல் வடிவத்தை மட்டும் கருதினால் இந்த 64-ம் 16 வகைகளாகச் சுருங்கிவிடும். அவற்றுள் மூன்று வகைகளில் ஒருவரேனும் தனித்து நிற்பார். மற்றப் பதின்மூன்றில் மூவரும் ஏதேனும் ஒரு விதத்தில் பிணைந்திருப்பர்.

அமெரிக்காவில் பால் ஹாலண்டு, சாமுவேல் லைன்ஹார்ட் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1970-ஆம் ஆண்டில் இந்த வழியைச் சமூக ஆராய்ச்சிக்கு ஒரு கருவியாக்கினார்கள். ஒரு நாட்டின் மக்களை வயது வாரியாகவும் தொழில் வாரியாகவும் கணக்கெடுப்பதைப் போல, ஒரு வலையில் உள்ள எல்லா மூவர் குழுக்களையும் பதினாறு வகை வாரியாகக் கணக்கெடுப்பது இதன் சாரம். அதனால் இதற்கு மும்மைக் கணக்கெடுப்பு என்றே பெயர் வழங்கலாயிற்று. ஒவ்வொரு வகைக்கும் மூன்று இலக்கம் கொண்ட பெயர் உண்டு. முதல் இலக்கம் இரு பக்க உறவுகள் எத்தனை என்பதையும், இரண்டாவது ஒரு பக்க உறவுகள் எத்தனை என்பதையும், மூன்றாவது உறவே இல்லாத இணைகள் எத்தனை என்பதையும் சொல்லும். 003 என்றால் மூவரும் அந்நியர்; 300 என்றால் மூவரும் பரஸ்பரம் உறவுடையோர். ஒரே எண்ணுக்கு இரண்டு மூன்று வடிவங்கள் பொருந்துமானால், அவற்றைப் பிரித்தறிய எண்ணுக்குப் பின் ஓர் எழுத்தைச் சேர்ப்பார்கள்.

கணிப்பொறி இந்த வகைகளை எவ்வாறு இனங்காண்கிறது? அதற்குப் படம் பார்க்கத் தெரியாது, எண்தான் தெரியும். முன்பு சொன்ன ஆறு கேள்விகளுக்கும் 1, 2, 4, 8, 16, 32 என்று மதிப்பு இட்டுவிடுகிறார்கள். உண்டு என்ற விடை வந்த கேள்விகளின் மதிப்புகளை மட்டும் கூட்டினால் 0 முதல் 63 வரை ஓர் எண் கிடைக்கும். அறுபத்து நான்கு வரிகள் கொண்ட ஒரு வாய்பாடு கணிப்பொறியின் நினைவில் இருக்கிறது. அந்த எண்ணுக்கு நேரே எந்த வகை எழுதியிருக்கிறதோ அந்த வகையின் கணக்கில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளும். நாம் சிறுவயதில் வாய்பாட்டை மனனம் செய்துவிட்டுப் பெருக்கல் போட்டதைப் போன்றதுதான் இதுவும்.

ஆனால் வேறொரு தொல்லை இருக்கிறது. ஆறு பேருக்கு இருபது குழுக்கள். நூறு பேருக்கு 1,61,700. ஆயிரம் பேருக்கு 16,61,67,000. பத்து லட்சம் பேருக்கோ, 1,667 என்ற எண்ணைக் கோடியால் பெருக்கி, மீண்டும் கோடியால் பெருக்கினால் எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவு. நொடிக்குப் பத்துக் கோடிக் குழுக்களைப் பார்த்து முடிக்கும் யந்திரமும் இதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உழைக்க வேண்டும். இன்றைய வலைகளில் பத்து லட்சம் கணுக்கள் என்பது பெரிய தொகையன்று.

இங்கேதான் நமது கழித்தல் தந்திரம் கைகொடுக்கிறது. உலகில் உள்ள வலைகள் பெரும்பாலும் மிக நெகிழ்வானவை. ஒருவருக்குப் பத்து லட்சம் பேரில் சில நூறு பேரைத்தான் தெரியும். ஆகவே குழுக்களில் மிகப் பெரும்பாலானவை இழையே இல்லாத வெறும் குழுக்கள். வெறுமையை ஒவ்வொன்றாக எண்ணுவானேன்? இழைகளின் வழியே மட்டும் நடந்து, அவற்றின் இரு முனைகளிலும் உள்ள அண்டையரை மட்டும் பார்த்து, பிணைந்த குழுக்களை எண்ணிவிட்டால் போதும். ஓரிழைக் குழுக்களையும் வெறுங்குழுக்களையும் கழித்தலால் பெறலாம். ஸ்லோவீனியா நாட்டின் விளாதிமிர் பத்தகெல்ஜ், ஆந்த்ரே மிர்வார் என்ற இருவர் 2001-ஆம் ஆண்டில் இம்முறையை ஒழுங்குபடுத்தி வெளியிட்டார்கள். பெரிய வலைகளை ஆராய்வதற்கென்று அவர்கள் 1996 முதல் வளர்த்துவந்த மென்பொருளுக்குப் பாயெக் என்று பெயர். அவர்கள் மொழியில் அதற்குச் சிலந்தி என்று பொருள், பொருத்தமான பெயர்தான். நெட்வொர்க்எக்ஸ், ஐகிராஃப் முதலிய மென்பொருள்களும் இன்று இந்தக் கணக்கெடுப்பைச் செய்கின்றன. அவை விலையின்றிக் கிடைப்பவை. ஒரு கல்லூரி மாணவர் தம் வீட்டுக் கணிப்பொறியிலேயே அவற்றைப் பயன்படுத்தலாம்.

அவ்வாறு பயன்படுத்துவோர் முதலில் தடுமாறும் இடங்கள் சில உண்டு. நம் ஆறு குடும்ப வலையையே ஒரு மென்பொருளுக்குக் கொடுத்து, இரண்டு இழைகள் ஒரு கணுவில் கூடும் இடங்கள் எத்தனை என்று கேட்டால் பத்து என்று சொல்லக்கூடும். நாம் எண்ணியதோ நான்கு. எது சரி? இரண்டுமே சரி. ஒவ்வொரு முக்கோணத்துக்குள்ளும் அத்தகைய கூடல்கள் மூன்று மறைந்திருக்கின்றன. இரண்டு முக்கோணங்களுக்கு ஆறு. அவற்றையும் சேர்த்தால் பத்து; விலக்கினால் நான்கு. அதேபோல நெட்வொர்க்எக்ஸ் மென்பொருளில் முக்கோணங்களை எண்ணச் சொன்னால், கணு ஒவ்வொன்றும் எத்தனை முக்கோணங்களில் இருக்கிறது என்று தனித்தனியே விடை தரும். அவற்றைக் கூட்டினால் ஆறு வரும். மூன்றால் வகுத்த பின்னரே இரண்டு என்ற உண்மைத் தொகை கிட்டும். யந்திரம் பொய் சொல்வதில்லை. நாம் கேட்ட கேள்விக்குத்தான் அது விடை சொல்கிறது. நாம் கேட்க நினைத்ததற்கும் கேட்டதற்கும் உள்ள இடைவெளியை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதைவிடப் பெரிய ஏமாற்றம் வேறொன்று. நம் ஊரில் இரண்டு முக்கோணங்கள் இருப்பதைக் கண்டு, தமிழர்கள் எவ்வளவு நெருங்கிப் பழகுகிறார்கள் என்று மகிழத் தோன்றும். சற்றுப் பொறுங்கள். ஆறு பேருக்குள் பதினைந்து இணைகள் உண்டு. அந்தப் பதினைந்தில் ஏதேனும் ஏழைக் கண்ணை மூடிக்கொண்டு சீட்டுக் குலுக்கி எடுப்பதாக வைத்துக்கொள்வோம். அப்படி எடுக்கும் வழிகள் 6,435. அத்தனை வழிகளிலும் விழும் முக்கோணங்களின் சராசரியைக் கணக்கிட்டால் ஏறக்குறைய ஒன்றரை வருகிறது. ஆக, குருட்டுச் சீட்டே ஒன்றரை முக்கோணம் தரும் இடத்தில் நாம் இரண்டு கண்டோம். இதில் வியக்க ஏதுமில்லை. எண்ணிக்கை மட்டும் ஒன்றையும் சொல்லாது. தற்செயலாக எவ்வளவு வந்திருக்கும் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அதற்குப் பொருள் உண்டு.

இந்தக் கருத்தை நன்கு விளக்கும் ஓர் உண்மை உதாரணத்தை உயிரியலிலிருந்து சொல்கிறேன். நம் குடலில் வாழும் எஷரிகியா கோலி என்ற நுண்ணுயிரியை விஞ்ஞானிகள் நெடுநாளாக ஆராய்ந்துவருகிறார்கள். அதன் மரபணுக்களில் சில, மற்ற மரபணுக்களை வேலை செய்யுமாறு தூண்டவோ தடுக்கவோ செய்கின்றன. இஸ்ரேலில் யூரி அலோன் என்பவரும் அவருடைய குழுவினரும் இந்த ஆளுகையை ஒரு வலையாக வரைந்து 2002-ஆம் ஆண்டில் ஆராய்ந்தார்கள். அந்த வலையில் கணுக்கள் 424, இழைகள் 519. அதிலிருந்து எடுக்கக்கூடிய மூவர் குழுக்கள் 1,26,14,424. இத்தனையிலும் அவர்கள் கவனத்தைக் கவர்ந்த வடிவம் ஒன்று. முதலாவது கணு இரண்டாவதை ஆளுகிறது. முதலாவதும் இரண்டாவதும் சேர்ந்து மூன்றாவதை ஆளுகின்றன. இதை முன்னூட்டு வளையம் என்று சொல்லலாம். அந்த வலையில் இது 40 இடங்களில் இருந்தது.

ஒன்றேகால் கோடிக்கும் மேற்பட்ட குழுக்களில் நாற்பது என்பது அதிகமா, குறைவா? அதை அறிய அவர்கள் ஒரு நியாயமான அளவுகோலை அமைத்தார்கள். உண்மை வலையில் ஏதேனும் இரண்டு அம்புகளை எடுத்து, அவற்றின் முனைகளை மட்டும் ஒன்றுக்கொன்று மாற்றிவிடுவது; இப்படிப் பலமுறை மாற்றிக் குலுக்குவது. இதனால் எந்தக் கணுவிலிருந்து எத்தனை அம்புகள் புறப்படுகின்றன, எந்தக் கணுவை எத்தனை அம்புகள் வந்தடைகின்றன என்பது சிறிதும் மாறாது. யார் யாரோடு என்பது மட்டும் கலைந்துபோகும். செல்வாக்குள்ளவர் செல்வாக்குள்ளவராகவே இருப்பார். ஆனால் அவருடைய கூட்டாளிகள் சீட்டுக் குலுக்கலில் வந்தவர்களாக இருப்பார்கள். இவ்வாறு கலைத்த வலைகளில் அந்த வடிவம் சராசரியாக ஏழு இடங்களில்தான் இருந்தது, ஏற்றத்தாழ்வு மூன்று. ஏழு எதிர்பார்த்த இடத்தில் நாற்பது. ஏற்றத்தாழ்வின் அளவைப் போல் பத்து மடங்குக்குக் குறையாத தூரம். நம் ஊரின் இரண்டு முக்கோணங்களைப் போல் இதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது.

அந்த வடிவம் எதற்குப் பயன்படுகிறது? ஓர் அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பணம் கொடுக்குமாறு அதிகாரி காசாளருக்கு உத்தரவு அனுப்புகிறார். கணக்கருக்கும் ஒரு பிரதி அனுப்புகிறார். கணக்கர் சரிபார்த்து ஒப்பமிட்ட பின்னரே காசாளர் பணம் தருவார். அதிகாரி அவசரத்தில் உத்தரவிட்டு, அரை மணியில் மனம் மாறித் திரும்பப் பெற்றுக்கொண்டால், கணக்கரின் ஒப்பம் வருவதற்குள் விஷயம் முடிந்துபோகும், பணம் வீணாகாது. நீடித்து நிற்கும் உத்தரவு மட்டுமே நிறைவேறும். ஆனால் நடந்துகொண்டிருக்கும் பட்டுவாடாவை நிறுத்தச் சொன்னாலோ, அது உடனே நின்றுவிடும்; ஏனெனில் இரண்டு சம்மதங்களில் ஒன்று போனாலே போதும். தொடங்கும்போது தாமதம், நிறுத்தும்போது உடனடி என்ற இதே நடத்தையை, அந்த நுண்ணுயிரி அரபினோஸ் என்ற சர்க்கரையைப் பயன்படுத்தும் அமைப்பில், அலோன் குழுவினர் 2003-ஆம் ஆண்டில் சோதனையால் காட்டினார்கள். எண்ணிக்கை ஓர் இடத்தைச் சுட்டிற்று; சோதனை அங்கே சென்று பார்த்து உறுதி செய்தது.

ஆனால் எல்லோரும் அதோடு திருப்தி அடைந்துவிடவில்லை. 2004-ஆம் ஆண்டில் வேறு சில ஆராய்ச்சியாளர்கள் ஒரு தக்க ஆட்சேபணையை எழுப்பினார்கள். நரம்புகள் தமக்கு அருகில் உள்ள நரம்புகளோடு இணைவது இயல்பு. அருகாமை ஒன்றை மட்டுமே விதியாகக் கொண்டு ஒரு வலையைப் பின்னினாலும், சில வடிவங்கள் சீட்டுக் குலுக்கலில் வருவதைவிட மிகுதியாகவே வரும். ஆகவே ஒரு வடிவம் மிகுதியாக இருப்பதைக் கொண்டே, அது பயன் கருதி அமைந்தது என்று முடிவு கட்டலாகாது என்று அவர்கள் எச்சரித்தார்கள். நம் ஆறு குடும்பங்களுக்கும் இது பொருந்தும். ரயில்வே குடியிருப்பில் மூவரும் பழகுவதற்குத் தமிழ்ப் பற்று காரணமாக இருக்கலாம். ஒரே குழாயடியும் காரணமாக இருக்கலாம். வடிவத்தைப் பார்த்து மட்டும் அதைச் சொல்ல இயலாது. அளவுகோலில் எதைச் சேர்த்தோம், எதை விட்டோம் என்பதே விடையின் பாதி.

இனி நம் வாழ்க்கையோடு நேரே தொடர்புள்ள ஒரு முடிவுக்கு வருகிறேன். அமெரிக்கச் சமூகவியலறிஞர் மார்க் கிரானோவெட்டர் 1973-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதன் அடிப்படையே ஒரு மூவர் வடிவம்தான். ஒருவருக்கு இரண்டு நெருங்கிய நண்பர்கள் இருந்தால், அவ்விருவரும் ஒருவரையொருவர் அறியாதிருப்பது அரிது. நெருக்கம் முக்கோணத்தை மூடிவிடும் என்றார் அவர். அப்படியானால், இரண்டு கூட்டங்களை இணைக்கும் பாலம் நெருக்கமான உறவாக இருப்பது கடினம். அது பெரும்பாலும் மெல்லிய பழக்கமாகவே இருக்கும். நம் படத்தில் இ-ஈ இழையைப் போல. நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்த செய்தி நமக்கும் முன்பே தெரிந்திருக்கும். புதிய செய்தி வருவது அந்த மெல்லிய இழை வழியாகத்தான்.

பாஸ்டன் நகரின் புறநகர் ஒன்றில், தெரிந்தவர்கள் மூலம் அண்மையில் வேலை பெற்றவர்களை அவர் விசாரித்தார். செய்தி சொன்னவரை அடிக்கடி, அதாவது வாரத்துக்கு இருமுறையேனும் சந்தித்துவந்ததாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 16.7 பேர். எப்போதாவது சந்தித்ததாகச் சொன்னவர்கள் 55.6. ஆண்டுக்கு ஒரு முறையோ அதற்கும் குறைவாகவோ சந்தித்ததாகச் சொன்னவர்கள் 27.8. விசாரிக்கப்பட்டவர்கள் சிலரே என்பது உண்மை. ஆனால் 2022-ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆராய்ச்சி, லிங்க்டின் என்னும் தொழில்முறைத் தொடர்புத் தளத்தில் ஏறத்தாழ இரண்டு கோடிப் பேரிடம் ஐந்தாண்டுக் காலம் நடந்த சோதனைகளைக் கொண்டு இதையே ஆராய்ந்தது. இருவருக்குள்ள இழை எவ்வளவு வலியது என்பதை, அவ்விருவருக்கும் பொதுவான நண்பர்கள் எத்தனை பேர் என்று எண்ணி அளந்தார்கள். அதாவது, அந்த இழையின் மேல் எத்தனை முக்கோணங்கள் நிற்கின்றன என்று எண்ணினார்கள். மிக நெருங்கிய இழைகளைக் காட்டிலும், ஓரளவு மெல்லிய இழைகளே வேலை மாற்றத்துக்கு மிகுதியும் உதவின என்று கண்டார்கள். மிகமிக மெல்லிய இழைகளும் அவ்வளவு உதவவில்லை.

இப்பொழுது மீண்டும் நம் தாளை எடுங்கள். இ என்பவருக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டதாக எண்ணி, அந்தப் புள்ளியை விரலால் மறையுங்கள். ரயில்வே குடியிருப்பும் ஆலைப்பக்கமும் தனித்தனியாகிவிட்டன. அங்கே ஒரு வீட்டில் நள்ளிரவில் காய்ச்சல் என்றாலும், இங்கே செய்தி வராது. விரலை எடுத்துவிட்டு, ஆ என்பவருக்கும் உ என்பவருக்கும் இடையே ஒரு புதிய கோடு இழுங்கள். இனி இ போனாலும் ஊர் பிரியாது. ஈ போனாலும் பிரியாது. ஆனால் கணக்கைப் பாருங்கள்: முக்கோணங்கள் அதே இரண்டுதான், ஒன்றும் கூடவில்லை. திறந்த மும்மைகள் நான்கிலிருந்து எட்டாகிவிட்டன. ஒரு வலை எவ்வளவு மூடியிருக்கிறது என்பதை அளக்கும் விகிதம், முன்பு பத்துக்கு ஆறாக இருந்தது, இப்பொழுது பதினான்குக்கு ஆறாகக் குறைந்துவிட்டது. அந்த ஓர் எண்ணை மட்டும் பார்ப்பவர், இந்த ஊரில் ஒற்றுமை தளர்ந்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்வார். உண்மையில் ஊர் பலப்பட்டிருக்கிறது.

ஆகவே மூடிய மும்மையும் வேண்டும், திறந்த மும்மையும் வேண்டும். ஆபத்துக் காலத்தில் நம்மைத் தாங்குவது மூடிய முக்கோணம். நமக்குப் புதிய வாசலைத் திறப்பது திறந்த வடிவத்தின் அந்த மெல்லிய இழை. வெளி மாநிலத்தில் வாழும் நாம் முதலாவதை எளிதில் உண்டாக்கிக்கொள்கிறோம். மொழியும் உணவும் பண்டிகையும் அதைத் தாமே மூடித் தருகின்றன. இரண்டாவதற்கு நாமே முயற்சி எடுக்க வேண்டியிருக்கிறது. ஊரின் மறுகோடியில் உள்ள தமிழ்க் குடும்பத்தோடு ஓர் இழை, அடுத்த வீட்டில் உள்ள மராத்தியரோடும் வங்காளியரோடும் இன்னும் ஓர் இழை என்று நாமே சென்று முடிந்துகொள்ள வேண்டும்.

உங்கள் சங்கத்தில் அங்கத்தினர் பட்டியல் இருக்கும். அதில் எத்தனை பெயர்கள் என்று ஆண்டறிக்கையில் எழுதுகிறோம். அடுத்த கூட்டத்தில், பெயர்களை மட்டும் எண்ணாமல், யார் யாரை அறிவார் என்று ஒரு தாளில் கோடு இழுத்துப் பாருங்கள். கணிப்பொறி இல்லாவிட்டாலும் பாதகமில்லை. இருபது முப்பது வீடுகளுக்குப் பென்சிலே போதும். எந்த ஒருவர் போனால் சங்கம் இரண்டாகும் என்பது அந்தத் தாளில் தெரிந்துவிடும். தெரிந்த பின் செய்ய வேண்டியது சிறிய காரியந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரோ ஒருவர் முன்பு நமக்குச் செய்தது போல, நாம் ஒருவரை இன்னொரு வீட்டுக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.